காற்றுவரி

ஆலைக்கு முன்பே வந்து சேர்ந்தது வரி.
கடலுக்கு அப்பால், சன்னல் சாத்திய அறையில்
பிரபு எழுதினார்:
தீவின்மேல் போகும் காற்று எனது.
ஆண்டுக்கு ஆறு மூட்டை வாற்கோதுமை,
ஒரு கொழுத்த வாத்து.

காற்றுக்கு இது தெரிவிக்கப்படவில்லை.

அப்புறம்தான் ஆலை,
ஹாலந்தில் எவரோ விற்றது,
எண்ணிட்ட பலகைகளாய் மூன்று படகில்.
பதினேழாம் பலகை கடலில் விழுந்தது.
அந்த இடைவெளிக்குச் சணல் அடைத்தார்கள்.
நூற்றுப்பத்து வருஷம் அதன் வழியே மழை.

ஒற்றைக் கம்பத்தின்மேல் முழு உடம்பும்.
காற்று திசை மாறினால்
ஆலையையே திருப்ப வேண்டும்
வால்மரத்தில் தோளைக் கொடுத்து.
ஆண்கள் கிரீன்லாந்துக்குத் திமிங்கிலம் தேடிப் போன
வசந்தங்களில் கோன்ட்யே திருப்பினாள்.
நிறைமாதத்திலும் ஒருநாள்.
மாவுத் தளத்தில் பிறந்த பிள்ளை
முதலில் தும்மியது,
பிறகுதான் அழுதது.

கடல் ஊருக்குள் வந்த பிப்ரவரியில்
பாய்க்கைகளைச் சங்கிலியில் பூட்டிவிட்டு
முப்பத்தொரு பேர் மேலே ஏறினார்கள்.
அவர்களில் ஒருவர் வரிக்காரர் ஷ்ட்ரூவே,
வாத்துக்காக வந்தவர்.
வாத்தும் ஏறியது.
இரண்டு இரவு
அது அவர் மடியில்தான் இருந்தது,
கதகதப்பாக,
யாருக்குச் சொந்தம் என்ற கவலையின்றி.

அந்த ஆண்டுப் பேரேட்டில்
அவர் கையெழுத்து சற்றே நடுங்குகிறது:
மூட்டை ஆறு, பெற்றேன்.
வாத்து ஒன்று, பெற்றேன்.
தீவில் ஒரு மணி தானியம் மிஞ்சியிருக்கவில்லை.
வாத்து இன்னும் நான்கு வருஷம்
கோன்ட்யேயின் முற்றத்தில்
வருகிறவர்களையெல்லாம் கொத்திக்கொண்டிருந்தது.

பிறகு ஐந்து ஆலைகள் ஆயின, பிறகு டீசல்.
ஒன்று புயலில் தடைக்கட்டை உரசித் தீப்பிடித்தது,
எரியும் கைகளோடு விடியும்வரை சுற்றியது.
இன்னொன்றின் கல்
பல் மருத்துவர் வாசலில் கிடக்கிறது.
காத்திருப்பவர்கள் அதில் சைக்கிளைச் சாய்க்கிறார்கள்.

இப்போது வெள்ளை வெளேரென்று ஒன்பது,
மும்மூன்று இறக்கை.
கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுவது நான்.
சில இரவுகளில்
வாசற்கதவைப் பிடுங்குகிற காற்று,
ஆனால் கரையில் கம்பிகள் நிரம்பிவிடும்.
பார்த்தேயிராத ஓர் அலுவலகத்திலிருந்து
ஆணை வரும்: நிறுத்து.
ஒன்பதும் நிற்கும்.
நின்றதற்குப் பணம் வரும்.

காற்றுள்ளபோதே நிறுத்திக்கொள்.

சுற்றக் கப்பம் கட்டியவளுக்கு
நிற்கக் கிடைக்கும் கூலியை
எப்படி விளக்குவேன்? சிரிப்பாள்.
அல்லது, எத்தனை மூட்டை என்று கேட்பாள்.

சங்கத்தின் கணக்கில் அதற்கொரு நீளமான பெயர் உண்டு.
என் சொந்த நோட்டில், பென்சிலால்,
போன மாதத் தொகைக்கு எதிரே
வாத்து என்று எழுதினேன்.
பெற்றேன்.