நகம் தட்டவில்லை

டண்டினோங்கில், மூன்றாம் மாடியில்,
அட்டைக் குழாயை வாயில் வைத்து ஊதச் சொல்கிறாள்.
இன்னும், இன்னும், இன்னும், இன்னும் என்று
பந்தயக் குதிரையை விரட்டுகிற குரல்.
திரையில் ஒரு கோடு ஏறி
நான் நினைத்த இடத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுகிறது.

இரண்டு நிமிடம் ஓய்வு.
அண்மையில் வெளிநாடு போனீர்களா, படிவம் கேட்கிறது.
ஆக்ரா, என்றேன்.
ஓ, தாஜ்மகால்! எப்படி இருந்தது?

எப்படிச் சொல்ல.

ஐம்பது ரூபாய் வரிசையில் நின்றோம்
எங்கள் முகத்தை நம்பி.
கவுண்டர்க்காரன் இந்தியில் என்னவோ கேட்டான்.
யமுனா கடவுச்சீட்டை நீட்டினாள்,
கங்காருவைப் பார்த்துவிட்டு
அடுத்த வரிசையைக் காட்டினான், சிரிக்காமல்.
அந்த விலைக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலும்
சப்பாத்துக்கு மேலே போட இரண்டு துணி உறையும்.

உறையை மாட்டக் குனிந்தவனுக்குத்தான் சிரிப்பு வந்தது.
பதினான்கு வருடம்
டூராக்கிலும் பிரைட்டனிலும்
யாருடையதோ புதுச் சமையலறைக்குள்
இதே மாதிரி உறையோடு நுழைந்திருக்கிறேன்.
முன்னால் நான், பின்னால் நாதிர்,
நடுவில் நூற்றெண்பது கிலோ கல்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.
நான் மூட்டுகளைப் பார்த்தேன்.
கட்டைவிரல் அகலத்தில் ஒரு பூ,
அதற்குள் எத்தனை துண்டு, எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.
மெல்ல நகத்தை இழுத்தேன்
சிவப்பிலிருந்து வெள்ளைக்கு.
தட்டவில்லை.

எங்கள் பட்டறையில் அதுதான் சோதனை.
லேசர் அல்ல, மட்டக்கோல் அல்ல. நகம்.
தட்டினால் திரும்பவும் தேய்.
தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டியதை
அவசர நாளில்
உலர்வாகவே தேய்.

காவலாளி விசில் ஊதினான்.
நீண்ட விசில்.
நல்ல நெஞ்சு அவனுக்கு.

வேலை முடிந்ததும் கொத்தர்களின் கைகளை வெட்டிவிட்டார்களாம்:
வழிகாட்டி எல்லாக் கூட்டத்தையும்
ஒரே தூணருகில் நிறுத்திச் சொன்னான்.
ஒரு சிறுமி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.
கட்டுக்கதை, என்று அவனே கடைசியில் கண்ணடித்தான்.
கட்டுக்கதையாகத்தான் இருக்கும்.
வெட்டுவானேன்,
சும்மா விட்டாலே போதுமே.
அந்தச் சிவப்பை அரைத்தவன்
இரவில் எந்தப் பக்கம் சரிந்து படுத்தான்?
அதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை,
எனக்கு அந்த மொழி தெரியாது.

யமுனாவுக்குக் கட்டடத்தில் அக்கறை இல்லை,
பெயரைப் பார்க்க வந்தவள்.
பின்பக்க மதிலில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.
மணல் திட்டு. எருமை. ஓரத்தில் நுரை.
"இதுவா நான்?"
கொஞ்ச நேரம் கழித்து,
"பரவாயில்லை, ஓடுதுதானே."

படி ஏறுகையில் நான் நின்ற மூன்று இடத்திலும்
படம் எடுக்கிறவள்போல அவளும் நின்றாள்.
வீட்டுக்கு வந்து பார்த்தேன்.
ஒரு படத்தில் காகம்,
ஒன்றில் யாரோ ஒருவரின் குடை,
ஒன்றில் அவளுடைய விரல்.

அழகாயிருந்தது, என்றேன் இந்தப் பெண்ணிடம்.
அம்மாவுக்கும் போக ஆசை, என்றபடி
புதுக் குழாய் ஒன்றை உறை பிரித்துத் தருகிறாள்.
கண்ணாடிக்கு வெளியே நாதிர், தொப்பியைக் கையில் சுழற்றியபடி.
அடுத்தது அவன்.

குழாயின் விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறேன்.
பழக்கம்.
பிறகு ஊதுகிறேன்.

இன்னும், என்கிறாள்.
இன்னும்.