இரண்டு மூன்று

பாதி ராவில் புரண்டு
தலையணைக்கடியில் போனைத் தடவினேன்.
இரண்டு மணி மூன்று நிமிடம்.
அலாரத்துக்கு இன்னும் இருபத்தேழு நிமிடம் கிடக்கு.
சந்தோசமாகக் கண்ணை மூடினேன்.

மறுகா ஒருக்கா முழித்தேன்.
இரண்டு மூன்று.
எவ்வளவு நீளமான இரவு,
எனக்கென்று தனியாக இழுத்துத் தந்த இரவு
என்று நினைத்தேனே தவிர
சந்தேகப்படத் தோன்றவில்லை.

ஸுபஹ் பாங்கு கேட்கும்போதும்
இரண்டு மூன்றுதான்.

ஓடினேன்.
தொட்டிக்குள் மா பொங்கி விளிம்பு தாண்டி
நிலத்தில் வழிந்து கிடந்தது.
போறணை ஆறிப்போயிருந்தது.
வாசலில் ஜௌஸி
ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணி, பாட்டையும் போட்டுக்கொண்டு
பாணில்லாமல் நிற்கிறான்.
அக்கரைப்பற்றில் அன்றைக்கு எத்தனை வீட்டில்
என்னை ஏசிக்கொண்டு பிட்டு அவித்தார்களோ.

செத்த போனில்லை அது.
வெளிச்சம் இருக்கும், நேரமும் இருக்கும்,
விரல் பட்டால் மட்டும் அசையாது.
பட்டனைப் பத்து எண்ணும்வரை அமத்திப் பிடித்தால்
ஒரு சிணுங்கல் சிணுங்கி
ஒன்றும் நடக்காத மாதிரி எழும்பும்.

சார்ஜர்தான் கோளாறு என்றார் மச்சான்.
மாற்றினேன். இரண்டு மூன்று.
கவரைக் கழற்றுங்க, சூடு என்றாள் ஹனூபா.
கழற்றி, கடல்காற்று வரும் ஜன்னலில் வைத்தேன்.
இரண்டு நாலு.
"ஒரு நிமிசம் கூடியிருக்கு, சுகமாகி வருது" என்று சிரித்தாள்.
மறுகா மெமரி காட்டைப் பிடுங்கினேன்.
மறுகா விளையாட்டெல்லாம் அழித்ததில்
சின்ன மகன் இரண்டு நாள் பேசவில்லை.
மறுகா ஒரு மணிக்கூடு வாங்கினேன், எழுநூறு ரூபா.
அது அடித்தது. நான் எழும்பினேன்.
பாண் வெந்தது.
ஆனாலும் விடவில்லை மனம்.
ஒரு ராவு முழுக்க முழித்திருந்து பார்த்தேன்:
இரண்டு மணிக்கு அது தானாகச் சுட்டது,
யாரும் தொடாமல், இருட்டுக்குள்,
ஏதோ வேலை செய்கிற மாதிரி.

ஆலையடிவேம்பில் கேதுஷனின் கடை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
கீழே கீழே தள்ளிப் பார்த்தான்.
"காக்கா, ரெண்டு மணிக்கு இது
தன்ட சாமானெல்லாத்தையும் அள்ளிக் கட்டி வைக்கப் பாக்குது.
வைக்க இடமில்ல. அதான் ஸ்டக் ஆகுது."
பிறகு கேட்டான்:
"இதென்ன, இவ்வளவு பணிஸ் படம்?"

நாலாயிரத்துச் சொச்சம் படம்.
எல்லாம் ஜௌஸி அனுப்பியது.
விற்காமல் திரும்பி வந்த பணிஸ்,
விற்காமல் திரும்பி வந்த றோஸ் பாண்,
தட்டில் அடுக்கி, மேலேயிருந்து எடுத்தது,
ஒரு நாள் தவறாமல், மூன்று வருசம்.

மூன்று வருசத்துக்கு முந்தி
பதினொரு கிம்புலா பணிஸ் கணக்கில் குறைந்தது.
நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை.
"பதினொண்டு எங்க?" என்றேன்,
அதுவும் ஆட்களுக்கு முன்னால்.
அன்றைக்கு ராவிலிருந்துதான் படம் வரத் தொடங்கியது.
ஒன்றையும் நான் திறந்தே பார்த்ததில்லை.
என்னுடைய போன்தான் தினமும் எண்ணிக் கொண்டிருந்திருக்கிறது,
எண்ணி எண்ணி
இரண்டு மூன்றுக்கு மூச்சடைத்து நின்றிருக்கிறது.

"அழிக்கட்டா?" என்றான் கேதுஷன்.
கொஞ்சம் பொறு என்று
ஜௌஸிக்கு எடுத்தேன்.
"இனிப் படம் அனுப்பாத."
அங்கால் சத்தமில்லை,
ஓட்டோவின் பாட்டு மட்டும் கேட்டது.
"அப்ப எப்படி நம்புவீங்க?"
எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.
"போன் தாங்குதில்ல" என்றேன்.
அதுவும் உண்மைதானே.

அந்த ராவு அலாரத்துக்கு முந்தியே முழித்துவிட்டேன்.
இரண்டு இரண்டு.
இரண்டு மூன்று.
கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.
இரண்டு நாலு.
இரண்டு ஐந்து.
இரண்டரைக்கு அது கத்தியபோது
மணிக்கூடும் சேர்ந்து கத்தியது.
ஹனூபா இரண்டையும் ஏசினாள்.

பின்னேரம் ஜௌஸியிடமிருந்து ஒரு செய்தி.
படமில்லை. ஒரு சொல்:
ஏழு.

பொய் சொல்லக் கூடாது.
தட்டைத் திறந்து எண்ணிப் பார்த்தேன்.
ஏழுதான்.