இடப்பக்கம் திருகினால்

ஒரு குழாய் சொட்டியது, அவ்வளவுதான் ஆரம்பம்.
ஒரு வாஷர், அரைமணி வேலை
என்று மாரித்திடம் சொன்னேன்.
இன்று பதினொன்றாம் நாள்.

டுலூத் துறைமுகத்தில்
ஆயிரம் அடிக் கப்பல்களுக்கு
இரும்புத் தாது நிரப்புகிறவன் நான்.
கப்பல் நிற்கிற நிலையை வைத்தே
எந்த அறையில் பாரம் கூடிவிட்டது என்று சொல்வேன்.
அரை அங்குலச் செம்புக் குழாய்
என்னை மண்டியிட வைத்தது,
அதுவும் கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால்,
கன்னம் பீங்கானில் ஒட்ட.

முதல் நாள் நிலவறைக்கு இறங்கி
மெயின் வால்வை வலப்பக்கம் திருகினேன்,
உலகமே மூடுகிற திசையில்.
இறுகியது.
பல்லைக் கடித்து இன்னும் ஒரு நூல்.
மூடியாயிற்று என்று மேலே வந்து
குழாயை அறுத்தேன்.

நவம்பர் மாத ஏரித் தண்ணீர்.
பாயவில்லை அது, அறைந்தது.
மூக்குக்கண்ணாடி தொட்டிக்குள் போய் விழுந்தது.
கட்டைவிரலால் அடைத்தேன்;
விரலின் இருபுறமும் விசிறியாய் விரிந்தது.
கீழே சமையலறைக் கூரையில் ஒரு கறை
கனடாவைப் போல
மாகாணம் மாகாணமாய் வளர்ந்தது.

மாரித் நிலவறைக்குப் போனாள்.
தண்ணீர் நின்றது.

"எந்தப் பக்கம் திருகினாய்?"
"இடப்பக்கம்."
"அது திறக்கிற பக்கம்!"
"வலப்பக்கம் நீ திருகிப் பார்த்துவிட்டாய், நிற்கவில்லை.
வேறு எந்தப் பக்கம் மிச்சம் இருந்தது?"

அதற்குப் பதில் இன்னும் தேடுகிறேன்.

ஹார்டுவேர் கடை ஆர்வில்
ஏழாம் முறை என் காரைக் கண்டதும்
பொருத்திகள் இருக்கும் வரிசையில் விளக்கைப் போட்டான்.
அரை அங்குலக் குழாயில்
அரை அங்குலம் எங்குமே இல்லை என்றான்,
உள்ளே அளந்தாலும் வெளியே அளந்தாலும்.
பின் ஏன் அந்தப் பெயர் என்றேன்.
"உன் பெயர் ஸ்மித். நீ என்ன கொல்லனா?" என்றான்.

கிணறு வெட்டினால் ஒரு பூதம்தான் புறப்படும்.
குளியலறைச் சுவரை வெட்டினேன்,
பூதம் பிள்ளைகுட்டிகளோடு வந்தது:
ஓடுகளுக்குப் பின் கேக்கைப் போல் உதிரும் பலகை,
குழாய் இருக்க வேண்டிய இடத்தில்
தோட்டத்து ரப்பர் ஹோஸ் ஒரு முழம்,
அதை இறுக்கிப் பிடித்தபடி ஒரு பெல்ட்.
ஆம், பெல்ட். பித்தளைக் கொக்கியோடு,
இடுப்பில் கட்டுவது.

மாலைதோறும் மாரித்
தோளில் துண்டோடு ஹால்வர்சன் வீட்டுக்குப் போவாள்.
எலுமிச்சை ஷாம்பூ மணக்க,
நெற்றி மயிர் உறைந்து விறைக்கத் திரும்புவாள்.
"அவர்கள் வீட்டில் வெந்நீர் வருகிறது" என்பாள்,
தூரதேசம் போய் வந்தவள் மாதிரி.
ஆளைக் கூப்பிடு என்று ஒரு நாளும் சொல்லவில்லை.
பிளம்பரின் எண் எழுதிய சீட்டு மட்டும்
ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்தின் கீழே,
தினம் ஓர் அங்குலம் ஏறி
இப்போது என் கண் மட்டத்துக்கு வந்துவிட்டது.

இன்று காலை
கடைசி ஓட்டைப் பெயர்த்தபோது, சட்டத்தில்,
தச்சுப் பென்சிலில், சாய்ந்த கையெழுத்து:

*இதைத் திறப்பவருக்கு.
மெயின் வால்வு தலைகீழ்.
இடப்பக்கம் திருகினால்தான் மூடும்.
பெல்ட் தற்காலிகம்.
ராய், 1974.*

உட்கார்ந்துவிட்டேன்.
சுவரைத் திறப்பதற்கு முன்னால் தெரிய வேண்டியதைச்
சுவருக்குள்ளே எழுதி வைத்த புண்ணியவானே,
உன்னைத் திட்ட வாயெடுத்தேன்;
உன் இடுப்பு எத்தனை நாள்
பெல்ட் இல்லாமல் நடந்ததோ என்று நினைப்பு ஓடியது,
சிரித்துவிட்டேன்.
மாரித் வந்து படித்தாள்.
ஒன்றும் சொல்லாமல் கீழே போனாள்.

பின்னால் போய்ப் பார்த்தபோது
வால்வின் முன் குந்தியிருந்தாள்,
சிவப்பு நகப்பூச்சு புட்டியோடு.
இடம் நோக்கி ஒரு அம்புக்குறி.
அது காய ஊதிக்கொண்டிருந்தாள்.

இரவு புது இணைப்பில் தண்ணீரைத் திறந்தேன்.
வெந்நீர். பதினொரு நாளுக்குப் பின் ஆவி.
மாரித் உள்ளே, கதவு சாத்தி, நாற்பது நிமிடம்.

நான் சமையலறையில், கனடாவின் கீழே.
ஒன்பது நொடிக்கு ஒரு சொட்டு
தயிர் டப்பாவில் விழுகிறது.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
சீட்டில் உள்ள எண்ணை
மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.