குதிகால், விரல்

மஹாஜங்காவில் மழை தாமதித்த வருஷம்.
தகரப் பெட்டிக்கடையில் உட்கார்ந்து
கைபேசிகளுக்குக் காசு ஏற்றுகிறேன்,
சிம் கழற்றிய வெற்று அட்டைகளை வெட்டி
மூலை தேய்த்துப் பிக் செய்கிறேன்.
ஒரு நிறுவனத்து அட்டை வளையும்.
இன்னொன்று பல்லைக் கடித்தபடி நிற்கும்.
எனக்குப் பிடித்தது வளைவது.

தொம்போஸாராவின் குழுவில் கிட்டார் வாசித்தவன்
ரீயூனியன் தீவுக்குக் கப்பலேறிவிட்டான்.
"அடுத்த மாத விருந்துக்கு நீ வா" என்றார்கள்.
"சலேகி யாருக்காகவும் நிற்காது, தெரியுமில்லையா?"
தெரியும் என்றேன்.
தெரியும் என்று சொல்வதற்கு
விரல்கள் தேவையில்லை.

எதிர்க்கடையில் ஸாஃபிசோவா.
பள்ளி திறக்கும் காலம், சீருடை மலை.
தாளக்கருவி வாங்கக் காசில்லாதவனுக்கு
அவளுடைய தையல் மிஷின்தான்.
சட்டைக் காலர் என்றால் நடை.
பாக்கெட் என்றால் வேக நடை.
பாவாடையின் கீழ்விளிம்பு வந்துவிட்டால்
தெருநாய் துரத்திய ஓட்டம்.

காலருக்குப் பிழையில்லாமல் வாசித்தேன்.
பாக்கெட்டில் ஒன்றிரண்டு உதிர்ந்தன.
விளிம்பில்
முழங்கை கல்லானது, தோள் காதுக்கு ஏறியது,
மூன்றாம் தந்தியிலிருந்து இரண்டாவதற்குத் தாவும் இடத்தில்
பிக் சிக்கிக்கொண்டது,
குறுக்குச் சந்தில் எதிரெதிரே வந்த
இரண்டு கைரிக்‌ஷாக்கள் மாதிரி.
ஒருவரும் பின்வாங்குவதாயில்லை.

கீழ்நோக்கி அடிப்பது சுலபம், பூமியே இழுத்துக்கொடுக்கும்.
மேல்நோக்கி வருவதுதான்
சம்பளமில்லாத வேலை.
என் கீழடி கதவைச் சாத்தியது.
மேலடி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு
பின்வாசலால் போனது.
பத்து நாள் அப்படித்தான்.
ஆத்திரத்தில் ஓங்கி அடித்தேன்.
ஓங்க ஓங்கத் தூரம் கூடியது,
தூரம் கூடக் கூட நேரம் குறைந்தது.
இந்தக் கணக்கு எனக்கு இரண்டாம் வகுப்பிலேயே
தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாயிரம் அரியாரி ஏற்றச் சொன்னாள் ஒருநாள்.
"உன் கிட்டார் கடன்காரன் மாதிரி
என் பின்னால் ஓடிவருகிறது.
பிடிக்கவும் மாட்டேன் என்கிறது,
விடவும் மாட்டேன் என்கிறது."
ரசீதைக் கொண்டுபோய்க் கொடுக்கையில்தான் பார்த்தேன்:
விளிம்பு ஓடிக்கொண்டிருந்தது,
ஆனால் அவள் பாதம் ஓடவில்லை.
பலகையைவிட்டு எழும்பவே இல்லை.
குதிகால், விரல், குதிகால், விரல்.
ஊஞ்சலுக்குப் போகிற பக்கம்
வருகிற பக்கம் என்று உண்டா?
காலருக்கும் அதே அசைவு, விளிம்புக்கும் அதே அசைவு.
ஓடியது சக்கரம்.

கடைக்குத் திரும்பி
ஒரே தந்தி, ஒரே சுரம்.
அரிசிமணி அகலத்துக்கு மேல் பிக் நகரக்கூடாது.
குதிகால், விரல்.
வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார்:
"கிட்டார் கெட்டுவிட்டதா?"

நாலாம் நாள் மேலடிக்குக் குரல் வந்தது.
கரகரத்த குரல்தான். ஆனாலும் அதனுடைய சொந்தக் குரல்.

அந்த வாரமே அவள் மிஷினில் மோட்டார் மாட்டினாள்.
காலர் இல்லை, பாக்கெட் இல்லை,
ஒரே இரைச்சல், ஒரே கோடு.
அதோடு யார் வாசிப்பது?
பிக்கைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு
தெருவில் போகும் ஆடுகளை எண்ணினேன்.

நேற்று அந்தியில் கரண்ட் போனது.
தெரு முழுக்கத் திட்டியது.
அவள் வாரைக் கழற்றிப் பழைய சக்கரத்தில் மாட்டுவது கேட்டது.
கடையிலிருந்த மூன்று கைபேசிகளின் விளக்கை ஏற்றி
அவள் மேஜையில் வைத்துவிட்டு
இருட்டில் என் முக்காலிக்கு வந்தேன்.
காலர்.
பாக்கெட்.
விளிம்பு வந்ததும் வந்தேன்.
எப்போது தாண்டினேன் என்று தெரியாது,
மிஷின் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது.

"மெதுவாகப் போடா," என்று கத்தினாள்,
"தையல் கோணுகிறது!"

விருந்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
தந்தி மாற்றும் அந்த இடம்
இன்னமும் ஐந்துக்கு ஒருமுறை சிக்குகிறது.