நாற்பத்தொன்றாம் பதில்

எண்பத்து மூன்று பேருக்கு
எண்பத்து மூன்று இணைப்புகள் அனுப்பினேன்.
ஒவ்வொன்றின் வாலிலும் பதினாறு எழுத்துகள்,
வாயில் நுழையாத பெயர் போல.
எந்த வால் யாருடையது என்பது
ஒரே ஒரு பட்டியலுக்குத்தான் தெரியும்.
அதை ஞாயிறு இரவு அழித்தேன்,
நினைவூட்டல்கூட அனுப்ப முடியாதபடி.

"நீங்கள் யாரென்று யாருக்கும் தெரியாது."
முதல் பக்கத்தில் அப்படி எழுதியது நான்தான்.
எழுதும்போது நம்பினேன்.

கிளாக்ஸ்விக்கில்
மூடுபனிக்குள் ஒரு கார் இருமினால்
யாருடைய கார் என்று சொல்லிவிடுவார்கள்.
இங்கே மீன் ஆலைக்கு ஒரு கருத்துக்கணிப்பு.

செவ்வாய் விடிகாலை மூன்று மணிக்கு
வந்தது நாற்பத்தொன்றாம் பதில்.
பெண்.
அறுபதுக்கு மேல்.
வெட்டும் வரிசை, இரவு முறை.
தாய்மொழி: மற்றவை.

நான் பெயரே கேட்கவில்லை.
நிரப்பிய கட்டங்கள் ஒன்றுசேர்ந்து
கூப்பிட்டன: லம்துவான்.
முழுப் பூசணிக்காய்; சோறோ ஒரு கவளம்.

கீழே, இரண்டாம் மொழிக்கே உரிய
கவனமான எழுத்துக்கூட்டலில்:
"டிசம்பர் முதல் வலது கையில்
மூன்று விரல்கள் என்னுடையவை அல்ல.
கத்தி எங்கே முடிகிறது,
நான் எங்கே தொடங்குகிறேன் என்று
பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.
மேற்பார்வையாளரிடம் சொன்னேன்.
கையுறை மாற்றச் சொன்னார்."
அதற்கும் கீழே ஒரே ஒரு சொல்.
விதிப்படி அதை எடுத்துவிட்டேன்.

டோரால்வுர் என் மேசையோரம் சாய்ந்து நின்றார்.
"யாரென்று நான் கேட்கவில்லை, ரன்வா.
எந்த வரிசை, எந்த முறை.
அவ்வளவுதான்."
அந்த அவ்வளவு எவ்வளவு என்று
எனக்குத் தெரியும்.

எனவே
அறுபதை நாற்பதில் கரைத்தேன்.
இரவைப் பகலோடு கலந்தேன்.
ஐந்து பேருக்குக் குறைந்த கூட்டம் எதற்கும்
அட்டவணையில் இடம் இல்லை என்றேன்.
மூன்று விரல்கள்
'சிலருக்குக் கைகளில் அசௌகரியம்' ஆயின,
பக்கம் ஒன்பது, சராசரி 3.2.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.
ஒருத்தியைக் காப்பாற்றிய தூக்கம்.

அறிக்கையைத் தேநீர் அறைச் சுவரில் ஒட்டினார்கள்.

சனிக்கிழமை, கடையில், பால் அடுக்கின் முன்னால்
அவள் என்னை நிறுத்தினாள்.
"படித்தேன். இரண்டு தடவை.
நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன்?"

உன் நன்மைக்காக என்று தொடங்கினேன்.
சட்டம், வாக்குறுதி, முதல் பக்கம்.
பொறுமையாகத் தலையாட்டினாள்,
புதிய ஆளுக்கு எந்திரத்தை விளக்கிவிட்டு
பதிலுக்குக் காத்திருப்பவள் போல.

"கடைசியில் என் பேரைப் போட்டிருந்தேன்.
ஒரு வாரம் யோசித்துத்தான் போட்டேன்."

பாலை இடது கையால் எடுத்தாள்.
வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.
அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன்,
கையில் ரொட்டியோடு, சொல்ல ஏதுமின்றி.

கல்லாவில் இருந்த பையன்,
பதினாறு வயதிருக்கும்,
சில்லறையை அவள் இடது கையில் வைத்தபடி கேட்டான்:

"விரல்கள் எப்படி இருக்கின்றன, லம்துவான்?"