டிபன்ல யாரு

ஐந்து ரோட்டு மொபைல் கடைக்குள்
எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு நுழைந்தேன்.
காலி டிபன்தான். கழுவித் துடைத்தது.

இம்தியாஸ் என்று சட்டையில் பேர் குத்தியிருந்த பையன்
நிலாவைக் கிட்டத்தில் காட்டும் கேமராவை
எடுத்து நீட்டினான்.
மலையில் நிலா ஏற்கெனவே கிட்டத்தில்தான் தம்பி,
டவர்தான் தூரம்.

என்ன வேலைக்கா என்றான்.
எப்படிச் சொல்வது?
பேங்க் இல்லாத ஊருக்கு
பேங்க் மாதிரி போகிறவள்.
முதுகில் ரேகை மிஷின், இடுப்புப் பையில் பணம்.
நாகலூர் தாண்டி ஜீப் இறக்கிவிட்டால்
மிளகுக் கொடிகளுக்கு நடுவே முக்கால் மணி நடை.
நூறு நாள் வேலைக் கூலிக்கு
ஒருத்தி விரலை வைப்பாள்,
திரையில் வட்டம் சுற்றும்,
சுற்றிக்கொண்டே இருக்கும்.
விரலை எடுக்கவா என்று அவளும் கேட்க மாட்டாள்,
எடு என்று நானும் சொல்ல மாட்டேன்.

பாறை மேல், தண்ணீர்த் தொட்டி மேல்,
ஒருமுறை நிறுத்தியிருந்த டிராக்டர் மேல்
போனைத் தூக்கிப் பிடித்து நின்ற நான்கு வருஷத்தில்
என் வலது தோள் அரை இஞ்ச் ஏறிவிட்டது.
ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த லோகாம்பாள்
கண்டுபிடித்துச் சொன்னாள்.

இது ஃபைவ் ஜி அக்கா.
எத்தனை ஜி ஆனாலும் சரி,
உள்ளே போட்டு மூடு. கூப்பிடு.
சிரித்தான்.
பிறகு சிம்மைக் கழற்றினான்.

கண்ணாடி முதுகு, முப்பத்திரண்டாயிரம்:
மூடி விழுந்ததும் மூச்சு நின்றது.
அடுத்தது அரை ரிங் அடித்து மனசு மாறியது.
மடங்குகிற போன் ஒன்று
டிபனுக்குள் அடங்கியதோடு சரி.
ஸ்க்ரீன் கார்டு ஒட்ட வந்த காலேஜ் பெண்கள்
பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள்.
டீ கொண்டுவந்தவன் கிளாஸோடு நின்றுவிட்டான்.

கடைசியில் அடித்தட்டிலிருந்து
தூசி துடைத்து எடுத்தான் ஒன்றை.
கறுப்பு பிளாஸ்டிக் முதுகு,
துணி சோப்புக் கட்டியின் கனம்,
நிலாவைப் பற்றி ஒன்றும் தெரியாதது.
டிபன் கிடுகிடுவென்று நடுங்கி
கவுண்ட்டரில் நாலு விரற்கடை நகர்ந்தது,
கூடையில் கவிழ்த்த சேவல் மாதிரி.
ஒன்பதாயிரத்து முந்நூறு.
கவர் இலவசம் என்றான். வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை மலை ஏறினேன்.
அடிவாரத்தில் நான்கு கோடு.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும்
திரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்,
கண்டக்டர் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.
பதினாலாவது வளைவு
வழக்கமாக நான் காணாமல் போகிற இடம்.
அதற்கு மேல் யார் கூப்பிட்டாலும்
தொடர்பு எல்லைக்கு வெளியே என்று
ஒரு பெண் என்னைப் பற்றி மரியாதையாகச் சொல்லிவிடுவாள்.
ஒருநாளும் அவளை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

கோடு இரண்டாகி
ஒன்றாகி
ஒன்றிலேயே நின்றது.

பொன்னுருவி விரலை வைத்தாள்.
வட்டம் ஒன்றரைச் சுற்றில் பச்சையானது.
விரலை எடுத்து உற்றுப் பார்த்தாள்,
அதுதான் ஏதோ செய்துவிட்டது போல.
நோட்டை இரண்டு தரம் எண்ணி
இடுப்பில் செருகினாள்.
மதியத்துக்குள் இருபத்து மூன்று பேர்.
ஒருவரும் பாறைக்கு ஏறவில்லை.

காபி பூத்திருந்தது.
சரிவு முழுக்க வெள்ளை, வாசம்,
எனக்கென்று இருந்த சாப்பாட்டு நேரம்.
எலுமிச்சைச் சோற்றில் கை வைத்தபோது
ஜெயசீலன் சார்:
இந்த மாசம் இன்ஷூரன்ஸ் எத்தனை பிடித்தாய்?
பிறகு சீட்டுக்கார வசந்தாமணி.
பிறகு நாத்தனார், மஞ்சளா ஊதாவா,
கடையில் நிற்கிறேன், சீக்கிரம் சொல்லுங்கள் அண்ணி.
பிறகு மறுபடியும் சார்.

சோற்றை முடித்து,
டிபனை ஓடையில் அலசித் துடைத்து,
போனை உள்ளே வைத்து
மூடியை அழுத்தி மூடினேன்.

கொஞ்ச நேரம் வண்டுச் சத்தம் மட்டும்.

பிறகு நடுங்கியது.
பாறை மேல் நாலு விரற்கடை நகர்ந்தது.
எதிரே உட்கார்ந்து வெற்றிலை மடித்த பொன்னுருவி
கையை நிறுத்தினாள்.

ஏனுங்க,
டிபன்ல யாரு?