பத்து புள்ளி ஒன்பது

மூன்று விநாடிதான் பிடித்தேன்.
நட்டும் போல்ட்டும் சேருமிடத்தில் ஒரு பொட்டு,
மறுபக்கம் இன்னொன்று.
மீன்செதில் போல அடுக்கி விழுந்தது.
அழகாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தொழிற்சாலை பஸ். கூலிமில் ஏற்றி
பாலம் கடந்து பாயான் லெப்பாஸில் இறக்கும்.
நாற்பது பெண்கள், இரவு ஷிப்ட்.
பின் அச்சைப் பிடித்திருக்கும் தண்டில்
அந்த ஒரு போல்ட் மட்டும்
வாரத்துக்கொரு முறை தளர்ந்துகொண்டிருந்தது.
"சும்மா சும்மா வந்து முடுக்க எனக்கு நேரமில்லம்மா,
பத்த வச்சு விட்டுரு" என்றார் அருணகிரி.
தவுக்கே கோப்பியை ஊதியபடி தலையாட்டினார்.
புது போல்ட் முப்பத்தெட்டு ரிங்கிட்.
வெல்டிங் பத்து.

அதன் தலையில் 10.9 என்று பொறித்திருந்தது.
தினம் பார்க்கிற எண்தான்.
தோளிலிருக்கும் ஊசித் தழும்பைப் போல,
இருப்பது தெரியும், ஏனென்று கேட்டதில்லை.

பதினாறாம் நாள், பாலத்து டோலுக்கு முன்னால்
டொக்கென்று ஒரு சத்தம்.
பஸ்ஸின் பின்பாதி
தனியே வேறு ஊருக்குக் கிளம்பப் பார்த்ததாம்.
அருணகிரி ஓரங்கட்டிவிட்டார்.
பாதிப் பேர் விழிக்கவேயில்லை.
யாருக்கும் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று கேட்டபின்தான்
என் முழங்கால் நடுங்கத் தொடங்கியது.

துண்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்,
பிடுங்கிய பல்லை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் போல.
வளையவில்லை. ஒரு நூலளவும் இழுபடவில்லை.
உடைந்த முகத்தில்
பிறைக்குள் பிறை, அதற்குள் இன்னொரு பிறை.
கடல் பின்வாங்கிய சேற்றில் விழுந்த வரிகளாய்
விரிசல் ஒவ்வோர் இரவும் நின்று நின்று போன தடம்.
எல்லாம் ஒரே இடத்திலிருந்து வளர்ந்திருந்தன:
என் பொட்டின் விளிம்பிலிருந்து.
பிறை என்கிற இந்த ஊரில்
பதினோரு வருடமாய் வேலை பார்க்கிறேன்.
பெயரை அன்றைக்குத்தான் வாசித்தேன்.

போல்ட் கடை ஆய் லிங்குக்குப் போன் போட்டேன்.
"வெல்ட் வெச்சியா? அப்ப நம்பரை நீயே அழிச்சிட்ட"
என்று மலாயில் சொல்லிவிட்டு
அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டாள்.

சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி,
விறைத்துப் போனதைத் திரும்ப இளஞ்சூட்டில் வைத்து,
கொஞ்சம் விட்டுக்கொடுக்கப் பழக்கித்தான்
அந்த எண்ணைத் தருகிறார்களாம்.
அத்தனையையும் என் மூன்று விநாடி கலைத்திருக்கிறது.
பொட்டை ஒட்டிக் கண்ணாடி.
நகக்கண் அளவு தள்ளி, வெறும் ஆணி.
இரண்டுக்கும் நடுவில்
நாற்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்தேன்.
புஷ் ரப்பர் பொடிந்து, துளை நீள்வட்டமாய்த் தேய்ந்திருந்தது.
வாரம் தவறாமல் போல்ட் அதைத்தான்
சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
நான் வாயை அடைத்திருக்கிறேன்.

தவுக்கே பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
விசிறியைப் பார்த்தார்.
முப்பத்தெட்டை என் கணக்கில் எழுதச் சொன்னேன்.
"துளைக்கு?" என்றார்.
"அது பஸ்காரர் கணக்கு."

புது புஷ். புதுத் துளை. புது போல்ட், புது நட்.
இறுக்க இறுக்க அது ஒரு மயிரிழை நீளும்,
பழைய அளவுக்குத் திரும்பத் துடிக்கும்,
அந்தத் துடிப்புதான் பிடி.
டார்க் ஸ்பேனர் க்ளிக்கென்றது.
நம்பாமல் இன்னொரு தரம் வைத்தேன். க்ளிக்.

பிறகு வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு
நட்டிலிருந்து இரும்புவரை ஒரு கோடு இழுத்தேன்.
நகர்ந்தால் கோடு உடையும்.
உடைந்தால் எனக்குத் தெரியவேண்டும்.

அருணகிரி டார்ச்சோடு குனிந்து பார்த்தார்.
"இந்தக் கோட்டுக்கு எவ்வளவு?" என்றார்.